குளத்துக்குப் பெயின்ற் அடித்தவன்

எங்கள் குளத்தைப் பச்சையாக்கியது நான்தான் என்று கொஞ்ச நாள் முழுமனதோடு நம்பியிருந்தேன். அக்கரையில் நிற்கும் மாடு எறும்புபோலத் தெரியும் அளவுக்குப் பெரிய குளம் அது. ஒரு தகரப் பெயின்ற் பேணியையும் ஒரு தூரிகையையும் வைத்துக்கொண்டு அதை நிறம் மாற்றிவிட்டேன் என்று நம்புவதற்கு ஒரு மனிதனுக்குத் தன்னைப்பற்றி எவ்வளவு பெரிய எண்ணம் இருக்க வேண்டும் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்பாள்.  அந்தப் பேணியின் மூடி இன்றும் இருக்கிறது. பம்ப் அறையில், சாவிகள் தொங்கும் ஆணிக்குப் பக்கத்து ஆணியில், கயிறு கட்டித் தொங்குகிறது. இப்போது அதில் ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லை. வட்டத்தை நாலாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆய்வுகூட மிஸ் நினைவுக்கு வருவார். அவரோடு சேர்ந்து, மடையன்போல் நான் அலைந்த அந்தக் கோடையும் வரும்.

எங்கள் ஊர் ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் வழியில், காடு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. குழாய் வருவதற்கு முன்பு கிணற்றுத் தண்ணீரை அடுப்பில் வைத்தால் கேத்திலின் உள்ளே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை படியும். அதைக் குடித்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது; சில வீடுகளில் பயத்தோடு நிற்கவில்லை. கோடையில் தண்ணீர்ப் பவுசர் லொறி வருமென்று வாளிகளை வரிசையாக வைப்போம். அது வராத நாட்களில் வாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆகவே, குளத்துத் தண்ணீரை எடுத்து, மணலில் வடித்து, குளோரின் கலந்து, உயரத் தாங்கியில் ஏற்றி வீடு வீடாகக் கொடுக்கும் திட்டம் வந்தபோது ஊரே துள்ளிக் குதித்தது. முதல்நாள் என் மனைவி குசினிக்குப் பின்னால் நின்று குழாயைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தாள். "இஞ்சாருங்கோ, மெய்யாய் வருது" என்றாள். "பொய்யாய் வாறதுக்கு இதென்ன உன்ர தம்பி தாற வாக்கே?" என்றேன். அன்று எனக்கு இரவுச் சாப்பாடு கொஞ்சம் பிந்தித்தான் கிடைத்தது.

உழவு இயந்திரத்தையும் நீரிறைக்கும் மெசினையும் கழற்றிப் பூட்டிப் பழகியவன் என்பதால் குடிநீர்ச் சங்கம் என்னை பம்ப் ஒப்பரேட்டர் ஆக்கியது. சாவிக்கொத்து என் இடுப்பில் ஏறியது. ஊரின் தாகமே என் இடுப்பில்தான் தொங்குகிறது என்ற நினைப்பில் சிறிது நிமிர்ந்தே நடந்தேன். பின்னால் வந்த பயத்துக்கெல்லாம் அந்த நிமிர்வுதான் விதை என்று இப்போது தோன்றுகிறது.

மாதத்துக்கு ஒருமுறை வவுனியாவிலிருந்து ஒரு பிக்கப்பில், ஐஸ் பெட்டியோடு மிஸ் வருவார். குளத்திலும் குழாயிலும் தண்ணீர் எடுத்துப் போத்தல்களில் அடைத்துக்கொண்டு போவது அவருடைய வேலை. சிறிய உருவம். தலையை மூடிய முக்காடு, அதற்கு மேல் ஒரு பனையோலைத் தொப்பி, கால்களில் அவரையே விழுங்கிவிடும்போல ரப்பர் பூட்ஸ். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். பெற்றோர் முல்லைத்தீவுக்காரர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் பிறந்தவர், குடும்பம் திரும்பி வந்தபோது கூட வந்தவர். ஆகையால் அவருடைய பேச்சில் புத்தளம் கலந்திருக்கும். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வந்து இறங்கியதும் தேநீர் வேண்டுமா என்று கேட்டால், "முதல்ல உங்கட தண்ணியத் தாங்க அண்ணன்" என்பார். பம்ப் அறைக் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுப்பேன். நின்றபடியே முழுவதையும் குடித்துவிட்டு, கிளாஸைக் கவிழ்த்து வைப்பார். ஆய்வுகூடக்காரி குடிக்கிற தண்ணீர் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிவேன். அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த அரசாங்கக் கந்தோரும் தந்துவிட முடியாது.

அந்தக் கோடையில் பெரிய அதிகாரி ஒருவர் திட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று கதை அடிபட்டது. சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். சொந்தத்தில் எனக்குப் பெரியப்பா முறை. குரலில் எல்லாருக்கும் பெரியப்பா. "டேய், அந்தப் பம்ப் அறைக் கேற்றைப் பார். துருப்பிடிச்ச கேற்றுக்குள்ளால சுத்தமான தண்ணி வருமெண்டு ஆர் நம்புவான்? பச்சை அடி" என்றார். அடித்தேன். நன்றாகவே அடித்தேன். பிறகு மண்ணெண்ணெய்யும் சவர்க்காரமும் எடுத்துக்கொண்டு, குளத்தில் வடகிழக்கு மூலைப் படிக்கட்டில் இறங்கித் தூரிகையைக் கழுவினேன். பேணியின் அடியில் கிடந்த மிச்சத்தையும் அங்கேயே கவிழ்த்தேன். அதிகாரி வரவில்லை.

இரண்டொரு நாள் கழித்துக் காலையில் போனால், அந்த மூலை முழுக்கப் பச்சைப் பெயின்ற். பாசி என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. பாசியை நான் பார்த்தவன். அது நூலாய், தலைமயிராய், படியில் வழுக்கிக்கொண்டு கிடக்கும். இது அப்படியில்லை. பேணியைத் திறந்து கவிழ்த்ததுபோல், தடிப்பாய், மினுமினுப்பாய், கரையிலிருந்து நாணல் வரை பரந்து கிடந்தது. தடியொன்றை விட்டு எடுத்தேன். தடிக்கும் பெயின்ற் அடிபட்டு வந்தது. கேற்றைத் திரும்பிப் பார்த்தேன். குளத்தைப் பார்த்தேன். பேணியைத் தேடிப் பம்ப் அறைக்கு ஓடினேன்.

பயந்தவனுக்கு மூளை வேலை செய்யாது என்பார்கள். என் விஷயத்தில் அது சரியில்லை. மூளை மும்முரமாக வேலை செய்தது, எல்லாம் பிழையான திசையில். விஞ்ஞான முறைப்படி உண்மையைக் கண்டுபிடிப்போம் என்று, ஒரு பலகையில் பேணியில் ஒட்டியிருந்த பெயின்றையும் குளத்துப் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் பூசி வெயிலில் வைத்தேன். பெயின்ற் கல்லாய்க் காய்ந்தது. மற்றது நீலம் பாரித்து, பொடியாய் உதிர்ந்து, செத்த புல்லின் மணம் மணத்தது. புத்தியுள்ளவன் அங்கேயே தப்பியிருப்பான். நானோ, தண்ணீர் கலந்ததால் பெயின்றின் தரம் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். அடுத்த விடியற்காலை, ஒருவரும் வருமுன், கட்டிலில் கட்டும் பழைய நுளம்புவலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அந்தப் பச்சையை வாரத் தொடங்கினேன். வார வார வந்தது. வீடு திரும்பும்போது இடுப்புக்குக் கீழே முழுக்கத் தடிப்பும் கடியும். குளம் என்னைத் தண்டிக்கிறது என்று உடனே விளங்கிக்கொண்டேன்.

வீட்டில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். கொதித்தது போதாது என்று இன்னொரு தரம் கொதிக்கவைத்தேன். பானையில் பாதி வற்றியது. "இதென்ன, தண்ணியோ கசாயமோ?" என்றாள் மனைவி. "விறகு வெட்டுறது நானெல்லோ. உங்களுக்கென்ன விசரே? அதோட ஏன் அங்கை இஞ்சை சொறியிறியள்?" நான் மறுபக்கம் திரும்பி நின்று சொறிந்தேன்.

பின்னேரம் என் மூளை கடைசி யோசனைக்கு வந்தது. பம்ப் அறையில் குளோரின் வாளி வாளியாக இருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிக் குளத்துக்குள் கொட்டிவிட்டால் பச்சை வெளுத்துவிடும். ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு படிவரை போனேன். அங்கே வைத்துத்தான், கேட்டுவிட்டுச் செய்வோமே என்ற நல்ல புத்தி வந்தது. மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். பெயின்றைப்பற்றி மூச்சுவிடவில்லை; குளத்தில் பச்சை மிதக்கிறது, குளோரின் போடட்டோ என்று மட்டும் கேட்டேன். அந்தப் பக்கத்தில் குரல் மாறியது.

"ஒண்டும் போடாதீங்க அண்ணன். ஒரு சொட்டும் போடாதீங்க. அதுட வயித்துக்குள்ள நஞ்சு இரிக்கலாம். சாகடிச்சா எல்லாத்தையும் தண்ணிக்குள்ள கக்கிட்டுத்தான் சாகும். நான் வாறன்."

மறுநாள் காலையில் பிக்கப் வந்து நின்றது. நான் வழக்கம்போல கிளாஸில் தண்ணீர் பிடித்து நீட்டினேன். மிஸ் கிளாஸை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு குடிக்காமல் மேசையில் வைத்தார். "இண்டைக்கு வேணாம் அண்ணன்" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நான் கிளாஸை எடுத்து வெளியே ஊற்றினேன். பரிசோதனை முடிவு வரும்வரை குளத்துத் தண்ணீரை எடுப்பதை நிறுத்துங்கள் என்றார். என் கையாலேயே பம்பை நிறுத்தினேன். அதுவரை எப்போதும் இரைந்துகொண்டிருந்த அறை அமைதியானபோது, ஊரையே நிறுத்திவிட்டதுபோல் இருந்தது.

முற்பகலுக்குள் பவுசர் மறுபடி வந்தது. வாளிகள் மறுபடி வரிசைக்கு வந்தன. வரிசையில் நின்ற பெண்கள் குளத்தைக் கெடுத்தவனை விதம்விதமாகச் சபித்தார்கள். "எந்தக் கோதாரியில போவான் செய்த வேலையோ!" என்றார் ஒரு அக்கா. "அவன்ர கையில புழு வைக்க" என்றார் இன்னொருவர். நான் பவுசர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, "ஓமோம், அப்பிடியானவங்களைச் சும்மா விடக்கூடாது" என்று ஒத்து ஊதினேன். என் மனைவி வாளியோடு நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பாய் ஒரு பகிடி சொல்லாமல் நான் இவ்வளவு நேரம் நிற்பதை அவள் கலியாணத்துக்குப் பிறகு கண்டதில்லை.

அன்று மத்தியானம், குழாய்களில் தண்ணீர் எடுத்து முடித்த மிஸ்ஸை அந்த மூலைக்குக் கூட்டிப்போனேன். அவர் கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார். அதைத் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார். ஆழத்தில் மறைந்தால் தண்ணீர் தெளிவு. அன்று தட்டு தண்ணீரைத் தொட்டதும் மறைந்தது. அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"மிஸ், அது நான்தான்" என்றேன். "கேற்றுக்குப் பெயின்ற் அடிச்சிட்டு இதிலதான் தூரிகை கழுவினனான். மிச்சத்தையும் ஊத்தினனான். பொலிசிலை சொல்லுறதெண்டாலும் சொல்லுங்கோ. குழாயை மட்டும் மூடிப்போடாதேங்கோ."

மிஸ் என்னைப் பார்த்தார். கேற்றைப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு சமாளித்தார். பிறகு முடியாமல் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். தோள்கள் குலுங்கின. "எவ்வளவு பெயின்ற் அண்ணன்?" என்று கேட்டார். "பேணியின்ர அடியில கிடந்தது." மறுபடி சிரிப்பு. "அந்தப் பெயின்ற் கொம்பெனிக்கு நீங்க விளம்பரத்துக்குப் போகலாம்."

சிரித்து முடித்துவிட்டுத்தான் விளக்கினார். அது பெயின்றும் இல்லை, நாங்கள் அறிந்த பாசியும் இல்லை. நீலப்பச்சைப் பாசி என்று பெயர் இருந்தாலும் அது ஒருவகைப் பற்றீரியா. கண்ணுக்குத் தெரியாத அளவில் எப்போதும் குளத்தில் இருக்கும். வெயிலும் அசையாத தண்ணீரும் வாய்த்து, சாப்பாடும் கூடினால் பெருகி மிதக்கும். நான் தூரிகை கழுவிய மூலையில் அது சேர்ந்ததற்குக் காரணம் சோளகக் காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, குளம் முழுவதும் மிதந்ததை ஒதுக்கிக்கொண்டுவந்து வடகிழக்கு மூலையில் விட்டிருக்கிறது. தண்ணீர் எடுக்கிற இடம் எதிர்ப்பக்கம் என்பதால் இதுவரை தப்பியது. "காத்து மாறினா இது அந்தப் பக்கம் போகும் அண்ணன். அப்ப நான் ஒண்டும் செய்ய ஏலாது. லைனை மூடச் சொல்லித்தான் எழுதணும்."

"கொதிக்க வைச்சா?" என்று கேட்டேன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இதன் நஞ்சு சாகாது. தண்ணீர் வற்ற வற்ற நஞ்சின் செறிவு கூடத்தான் செய்யும் என்றார். பாதியாக வற்றிய என் பானை கண்முன்னே வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரே நாளில் மூன்றாம் தரமும் சிரிக்கவைக்க வேண்டுமா?

"குளத்துக்குப் போசணை கூடிப்போச்சு" என்றார் மிஸ். சத்துணவைச் சொல்லும் அந்தச் சொல் எனக்குக் கிளினிக்கில் மட்டும்தான் பழக்கம். "எங்கட பிள்ளையளுக்குப் போசணை காணாதெண்டு அங்கை பேசுகினம். குளத்துக்கு மட்டும் எப்பிடிக் கூடினது?" என்றேன். அவர் கையை நீட்டினார். "அது யாருட பட்டி?"

கை நீண்ட இடத்தில் எங்கள் மாட்டுப்பட்டி இருந்தது. என்னுடைய மாடுகளும், தலைவருடையதும், ஊரில் பாதிப்பேருடையதும் அங்கேதான் அடைபடும். கோடையில் குளம் வற்றத் தொடங்கினால் நாங்கள் பட்டியையும் குளத்துக்குள்ளேயே இறக்குவோம். மாட்டுக்குத் தண்ணீர் கிட்ட; வெளியான இடம் என்பதால் யானை வந்தாலும் தூரத்திலேயே தெரியும். தண்ணீர் இறங்க இறங்கப் பட்டியும் இறங்கும். வைகாசிக் கோயில் பொங்கலுக்குப் பிறகு ஒரு இடைமழை பெய்தது. பட்டியின் அடியில் படிந்திருந்த சாணமும் மூத்திரமும், மேல் வயல்களில் போட்ட உரமும், அந்த மழையோடு குளத்துக்குள் இறங்கியிருக்கின்றன. நைதரசன், பொசுபரசு என்று மிஸ் சொல்லிக்கொண்டு போனார். நான் அங்கே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த என் சிவப்புப் பசுவைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. எங்கள் இருவரில் அதற்குத்தான் மனச்சாட்சி தெளிவாக இருந்தது.

போகுமுன் ஒரு வேலை தந்தார். அந்த மூலைத் தண்ணீரை ஒரு ஜாம் போத்தலில் எடுத்து, யன்னலில் அசைக்காமல் வைக்கச் சொன்னார். பச்சை அடியில் படிந்தால் வேறு பாசி. மேலே மிதந்தால் இதுதான். தொட்டால் தோல் இப்படித்தான் தடிக்கும், கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள் என்று என் கால்களைப் பார்த்துச் சொன்னார். விடிந்து பார்த்தபோது பாலில் ஆடை படர்ந்ததுபோல் பச்சை மேலே ஏறி நின்றது. கீழே தண்ணீர் தெளிந்திருந்தது.

சங்கக் கூட்டம் மருதமரத்தடியில் நடந்தது. பட்டியை அணைக்கட்டுக்குக் கீழே, அறுவடை முடிந்த வயல்களுக்கு மாற்ற வேண்டும் என்று மிஸ் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். தலைவர் எழும்பினார். "கீழை வயலுக்கை யானை இறங்கினா ஆர் பொறுப்பு? மாடு அங்கை அடைச்சா ஆர் காவல்? காலங்காலமாய்ப் பட்டி குளத்துக்கைதான். ஒரு நாளும் ஆரும் சாகேல்லை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் குளத்தைக் குடிக்கவில்லை, மாடுதான் குடித்தது. இதை விளக்கமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வருவது பகிடி ஒன்றுதான். பையிலிருந்து ஜாம் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, தலைவருக்கு முன்னால் நீட்டினேன்.

"பெரியப்பா, ஒரு வாய் குடியுங்கோ."

"என்னடா கோதாரி இது?"

"நாங்கள் மாட்டுக்குப் போட்ட புல்லு. மாடு குளத்துக்குக் குடுத்து, குளம் எங்களுக்குத் திருப்பித் தந்திருக்கு. காத்து மாறினா குழாயிலயே வருமாம். பிறகு நீங்கள் போத்தலுக்குக் கரைச்சல்பட வேண்டியதில்லை."

போத்தல் கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவராக முகர்ந்து முகத்தைச் சுளித்தார்கள். பவுசர் வரிசையில் சபித்த அக்கா போத்தலை நெடுநேரம் வைத்திருந்துவிட்டு, "எங்கட பட்டிதானே?" என்று கேட்டார். அதை அடுத்தவரிடம் கொடுத்தார். பிறகு அவரே, "என்ர மனிசன் யானைக் காவலுக்கு வருவார்" என்றார். அங்கிருந்த கணவருக்கு அது புதுச் செய்தி. தலைவர் கடைசியாகப் போத்தலை வாங்கி, முகராமலே மூடினார். "டேய், இதைக் கொண்டுபோய்த் தூரத்தில ஊத்து. குளத்துக்கை ஊத்திப்போடாதை" என்றார். அந்த வாரமே பட்டிகள் அணைக்குக் கீழே போயின. யானை வெடியோடு முறைவைத்துக் காவல் இருந்தோம். யானை வந்தது, வெடியைக் கேட்டு, அவசரமில்லாமல் திரும்பிப் போனது. பட்டி கிடந்த வயல்களில் அடுத்த விதைப்புக்கு உரம் குறைவாகவே தேவைப்பட்டது. தலைவர் அது தன்னுடைய யோசனை என்று சொல்லிக்கொண்டார்; நாங்கள் விட்டுவிட்டோம்.

பரிசோதனை முடிவு வந்த நாளில் மிஸ் போனில் சொல்லவில்லை, நேரில் வந்தார். பிக்கப்பிலிருந்து இறங்கி நேரே பம்ப் அறைக்குள் வந்து, "தண்ணி எடுக்கிற பக்கம் நஞ்சு இல்ல. பம்பைப் போடுங்க அண்ணன்" என்றார். அறை மறுபடி இரையத் தொடங்கியது. குழாயில் முதலில் வந்ததைப் போகவிட்டு, பிறகு ஒரு கிளாஸ் பிடித்தேன். மிஸ்ஸிடம் நீட்டினேன். நின்றபடியே முழுவதையும் குடித்தார். கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

அன்று போகும்போது அந்தப் பெயின்ற் பேணியைக் கேட்டு வாங்கினார். அடுத்த முறை வந்தபோது அதன் மூடி கறுப்பும் வெள்ளையுமாக மாறியிருந்தது. நடுவில் ஒரு துளை, துளையில் கயிறு, கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு. "இனி என்னைப் பாத்துக்கொண்டிருக்காம நீங்களே இறக்கிப் பாருங்க. மேலே மறைஞ்சா போன் எடுங்க. குளோரின் வாளியைத் தொடாதீங்க" என்றார். வாளியைப் படிவரை தூக்கிப்போனதாக வீட்டில் நான் உளறியதையும் என் மனைவி அவரிடம் சொல்லியிருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மிஸ் மாற்றலாகிப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவருடைய இடத்துக்கு வந்த தம்பி நல்ல பிள்ளை. ஆனால் தேநீர்தான் குடிப்பார். மிஸ் இடைக்கிடை போன் எடுப்பார். சுகம் கேட்பதற்கு முன்னமே, "மூடி எங்க மறையுது அண்ணன்?" என்று கேட்பார். முடிச்சுக் கணக்கைச் சொல்வேன். "ஆ" என்பார். அந்த 'ஆ'வில் அவர் மகிழ்ந்தாரா இல்லையா என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். இன்று காலையும் படிக்கட்டில் இறங்கி மூடியைத் தண்ணீருக்குள் விட்டேன். வெள்ளைப் பகுதிகள் பச்சை பாய்ந்து, மங்கி, நல்ல ஆழத்தில்தான் மறைந்தன. கேற்றில் பெயின்ற் உரிந்து துரு தெரிகிறது. மறுபடி அடிக்கச் சொல்லித் தலைவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தூரிகையை வீட்டு முற்றத்தில்தான் கழுவ வேண்டும் என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். குளத்தைப் பச்சையாக்கியது எங்கள் மாட்டுச் சாணமும் எங்கள் வயல் உரமும். அணைக்குக் கீழே பட்டியை மாற்றினோம். காற்று மாறுமுன்பே பச்சை மெலிந்தது. மாரி மழையில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தபோது மிச்சமும் போனது. குழாயில் தண்ணீர் வருகிறது.